வலது ஓரமாக நடங்கள் என்று சொன்னேன்

அந்த யோசனை எனக்குச் சைக்கிள் மேல் இருக்கும்போது வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். மாசி மாதம், காலை ஆறரை மணி இருக்கும். வடமதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில் எனக்கு முன்னால் ஆறு பெண்கள் தலையில் தக்காளிக் கூடைகளோடு இடது ஓரமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

தலையில் சும்மாடு, அதன்மேல் நிறைகூடை என்று நடக்கிறவர்களால் கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். ஹாரன் கேட்டதும் மூன்று பேர் இடப்பக்கம் மண்ணில் இறங்கினார்கள். இரண்டு பேர் என்ன நினைத்தார்களோ, தார் மேல் ஏறிவிட்டார்கள். ஒருத்தி நடுவில் அப்படியே நின்றாள். பஸ் பிரேக் போட்டுச் சீறிக்கொண்டு எங்களை உரசினாற்போல் கடந்தது. நின்றவளின் கூடை சரிந்து தக்காளி தார் முழுக்க உருண்டது.

நான் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, "ஹாரன் சத்தம் கேக்கலையா?" என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் முந்தும்.

"கேட்டுச்சு அப்பு. எம்புட்டுத் தள்ளி வருதுன்னு சத்தம் வந்து சொல்லுமா? முதுகுல ரெண்டு கண்ணு வச்சு விடுங்க, பாத்து நடக்குறோம். நீங்கதான ரோட்டாபீசரு."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அவள் பெயர் ராக்கம்மா என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

அப்போது எதிரே திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. சாலையின் மறுபாதியில் வந்து, எங்களைக் கடந்து போயிற்று. அது தூரத்துப் புள்ளியாகத் தெரிந்தது முதல் கடந்து போனது வரை ஆறு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருத்தரும் பதறவில்லை. பார்க்க முடிந்தது, அதனால் பதறவில்லை. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவர்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றிவிட்டால் போதுமே. வருகிற வண்டி எல்லாம் கண்ணுக்கு எதிரே வரும். ஒரு பைசா செலவில்லாத காரியம்.

அந்த யோசனை சரியானது. இன்றைக்கும் சரியென்றுதான் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. அந்தச் சாலையை இப்போது அகலப்படுத்தப் போகிறார்கள். வெட்டப்போகிற புளியமரங்களுக்கு எண் போட்டாகிவிட்டது. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உதவிப் பொறியாளர் ஜெயந்தி போன மாதம் வீட்டுக்கு வந்து, "அந்த ரோட்டைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுங்க சார்" என்றார். தெரிந்தது என்றால் எனக்கு முதலில் தெரிவது இதுதான்.

படித்தது, பட்டயம் வாங்கியது, ஆறு மாதம் மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். இருபத்திரண்டு வயதில் என்னை ஓவர்சியராகப் போட்டு, பத்து மைல் சாலையையும் எட்டு ஆட்களையும் ஒரு மேஸ்திரியையும் ஒப்படைத்தார்கள். மேஸ்திரி பெயர் கருப்பணன். எட்டுப் பேரும் என் அப்பா வயது. நான் சொன்னால் கேட்பார்கள். கேட்டுவிட்டு, அவர்களுக்குத் தெரிந்தபடி செய்வார்கள்.

அன்றைய சாலை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். நடுவில் பன்னிரண்டு அடி தார். இரண்டு பக்கமும் நாலைந்து அடி மண் ஓரம். அதற்கப்பால் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், பிறகு புளியமரம். தார் பஸ்ஸுக்கும் லாரிக்கும். மண் மற்ற எல்லோருக்கும்: மாட்டு வண்டி, சைக்கிள், குதிரை வண்டி, தலைச்சுமைக்காரர்கள், பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள். தாரைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அது உயர்ந்துகொண்டே போகும். மண் ஓரம் மழையிலும் வண்டிச் சக்கரத்திலும் கரைந்து தாழ்ந்துகொண்டே போகும். நான் வந்தபோது தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் படி விழுந்திருந்தது. சைக்கிள்காரன் பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால் பல் உடையும்.

இதை எனக்கு முதலில் உறைக்கச் சொன்னவர் ஜட்கா ஓட்டுகிற மஸ்தான் பாய். திண்டுக்கல் ஸ்டேஷன் வாசலில் வண்டி போட்டிருப்பார். ஒரு நாள் சாலையில் என்னை நிறுத்தினார்.

"ஓவர்சியர் தம்பி, தாருல ஓட்டுனா லாடம் வழுக்கி இது டான்ஸ் ஆடுது. மண்ணுல எறக்குனா வண்டி குடை சாயுது. நான் எங்குட்டு ஓட்ட? பேசாம குதுரைய வண்டில உக்கார வச்சு நான் இழுத்துட்டுப் போகட்டுமா?"

"உக்காருமா பாய்?"

"அது உக்காந்துக்கும். சவாரிதான் ஏற மாட்டாக."

இரண்டு மாதம் அந்தப் படியைச் சரிசெய்தோம். வேலை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பழைய ஓரத்தைக் கொத்திவிட வேண்டும். தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். கிராவல் மண்ணை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மறுபடி தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மொத்த மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல் மட்டும் இறுகும், முதல் மழையில் உள்ளே வாங்கிவிடும். அடுக்கடுக்காகத்தான் போட வேண்டும். முடிந்ததும் ஒரு நீளச் சட்டத்தைத் தார் மேல் ஒரு முனையும் மண் மேல் ஒரு முனையுமாக வைத்துப் பார்ப்பேன். அடியில் விரல் நுழையக் கூடாது.

நுழையவில்லை. மஸ்தான் பாயின் குதிரை மண்ணிலேயே ஸ்டேஷன் வரை ஓடியது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சவுக்கை நெற்றிக்குத் தூக்கி சலாம் வைப்பார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் பிரிவு அதிகாரி சவரிமுத்து சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. எங்களை 'மிஸ்டர்' என்று கூப்பிடுவார், கோபம் வந்தால் 'ஐயா' என்பார். ஜீப் இருந்தாலும் ஒரு மைல் முன்னாலேயே இறங்கி நடந்து வருவார். வரும்போது எதுவும் பேச மாட்டார். ஓரிடத்தில் நின்று குடை நுனியால் தரையைத் தட்டுவார். நாம் என்ன தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்லும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் மிகக் கறாராக இருந்தது ஜல்லி அளவில். சாலைக்கு வேண்டிய ஜல்லியை வண்டிகள் கொண்டுவந்து மண் ஓரத்தில் கொட்டும். ஆட்கள் அதை நீளச் சதுரமாக, மேலே தட்டையாக, வரிசை வரிசையாக அம்பாரம் கட்டுவார்கள். ஒவ்வொரு அம்பாரமும் பத்தடி நீளம், நாலடி அகலம். சார் ஒவ்வொன்றின் நீள அகல உயரத்தையும் நாடா பிடித்து அளப்பார். மூலையில் குடையால் குத்திப் பார்ப்பார், உள்ளே மண்மேடு வைத்து மேலே ஜல்லி போர்த்தியிருக்கிறதா என்று. அளந்து முடிந்ததும் மேலே சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கோடு போட வேண்டும், யாரும் அள்ளிப் போகாமல் இருக்க. அவர் அளக்கும்வரை ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. இது எழுதி வைத்த விதியா, அவர் சொன்ன விதியா, நாங்களே உண்டாக்கிக்கொண்டதா என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அந்த வருடத்து ஜல்லியை எந்த ஓரத்தில் கொட்டுவது என்று தீர்மானித்தது நான்தான். திண்டுக்கல் போகும் திசையில் வலது ஓரத்தில் கொட்டச் சொன்னேன். நடக்கிறவர்கள் இடது ஓரத்தில்தானே நடக்கிறார்கள், அவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஜல்லி வந்து இறங்கியது தை மாதம். தக்காளி உருண்டது மாசியில்.

மறுநாளே நான் ஐந்தாம் மைலில் போய் நின்றுகொண்டேன். ஆறு பெண்களும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். எதிர்த்தாற்போல் வருகிற வண்டியைக் கண்ணால் பார்க்கலாம், முதுகுக்குப் பயப்பட வேண்டாம் என்றேன்.

ராக்கம்மாவின் நாத்தனார் அழகு என்பவள் கூடையை இறக்காமலே சொன்னாள்: "வண்டி மாடெல்லாம் இடப்பக்கம் போகுது. நாங்க மட்டும் வலப்பக்கம் போனா, கிறுக்கச்சிகன்னு சொல்ல மாட்டாக?"

"சொல்லிட்டுப் போறாங்க. உசுரு பெருசா, பேச்சுப் பெருசா?"

"உங்களுக்கென்ன, சைக்கிள்ல வாரீக."

மூன்று நாள் இப்படியே போயிற்று. என்னைக் கண்டால் ஒருத்தி, "ஏ, வலப்பக்கத்து மாப்பிள்ள நிக்கிறாருடி" என்பாள், மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இடது ஓரமாகப் போய்விடுவார்கள். நாலாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். ராக்கம்மாவிடம் கூடையோடு தார் நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் வருகிற சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லச் சொன்னேன். சைக்கிளில் நானே வந்தேன். அவள் மூன்று தடவையில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள்.

கண்ணைத் திறந்து உடம்போடு திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டு நாளும் குருட்டாம்போக்குலதான் போய் வந்திருக்கேன் போல" என்றாள். அழகுவைப் பார்த்து, "வாடி, ஒரு வாரம் அங்குட்டுத்தான் நடந்து பாப்போம். சந்தைக்கு எந்தப் பக்கமாப் போனாலும் தக்காளி தக்காளிதான" என்று தாரைக் குறுக்கே கடந்து வலது ஓரத்துக்குப் போனாள். மற்ற ஐந்து பேரும் பின்னால் போனார்கள்.

ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. வேறு ஊர்ப் பெண்களும் அவர்களைப் பார்த்து மாறினார்கள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் வரிசை அப்படியே மண்ணில் ஒதுங்கி நிற்கும், பஸ் போனதும் நடக்கும். பதற்றம் இல்லை, சிதறல் இல்லை. நான் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய சந்தோஷம். சவரிமுத்து சாரிடம் மட்டும் சொல்லவில்லை. மாதம் முடியட்டும், முடிந்த காரியமாகக் கொண்டுபோய்க் காட்டி அவரை அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

ஜல்லி அம்பாரங்கள் வலது ஓரத்தில்தான் இருந்தன. எனக்குத் தெரியாமல் இல்லை. நேர்ச் சாலையில் அது பெரிய தொந்தரவாக இல்லை. அம்பாரம் வருகிற இடத்தில் பெண்கள் தார் மேல் ஏறுவார்கள், பத்தடி நடந்து இறங்கிவிடுவார்கள். எதிரே வண்டி இருந்தால் அரை பர்லாங்குக்கு முன்னாலேயே தெரியும், அம்பாரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வார்கள். ஆனால் ஐந்தாம் மைல் தாண்டியதும் ஒரு வளைவு. சாலை வலப்பக்கமாகத் திரும்பும். உள்வளைவில் புளியமரங்கள் நெருக்கமாக நிற்கும், கீழே முள்ளும் மண்டிக் கிடக்கும். அந்த வளைவில் மூன்று அம்பாரம்.

ஒரு வியாழக்கிழமை கருப்பணன் மேஸ்திரி வந்து கேட்டார்.

"அய்யா, வளைவுல கெடக்குற மூணு அம்பாரத்தையும் அங்குட்டுத் தள்ளிப்புடுவமா? பொம்பளையாளுக தாருல ஏறி எறங்குறாக."

"சார் இன்னும் அளக்கலையே மேஸ்திரி."

"ரெண்டு ஆளு, அர நாள் வேல. அங்குட்டுக் கொண்டுபோயி இதே மாதிரி கட்டிப்புடலாம்."

"கட்டினா உயரம் மாறிடும். ஜல்லிய கலைச்சுத் திரும்பக் கட்டினதுன்னு சார் பாத்த உடனே சொல்லிடுவார். திங்கட்கிழமை வர்றார். அளந்ததும் மொத வேலையா எடுத்துடுவோம்."

மேஸ்திரி தலைத்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங்கய்யா" என்றார். அவர் வழக்கமாக நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் நினைத்ததைச் செய்கிறவர். அன்றைக்கு மட்டும் நான் சொன்னபடியே செய்தார்.

சனிக்கிழமை பெரிய சந்தை நாள். காலை ஏழு மணிக்கு நான் மூன்றாம் மைலில் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள்காரர் வந்து, "வளைவுல ஒரு பொம்பளைய பஸ் அடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

நான் போனபோது மஸ்தான் பாயின் ஜட்கா அங்கே நின்றிருந்தது. வடமதுரைக்குச் சவாரி விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். ராக்கம்மாவை வைக்கோல் மேல் படுக்க வைத்திருந்தார்கள். அழகு அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். பஸ் அறுபதடி தள்ளிக் குறுக்காக நின்றது. டிரைவர் அதன் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். தக்காளி ஜல்லி மேலும் தார் மேலும் நசுங்கிக் கிடந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல் நடந்தே போனோம். மஸ்தான் பாய் வண்டியில் ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் நடந்தார். "ஓட்டுனா குலுங்கும் தம்பி. குலுங்குனா தாங்காது" என்றார். நாங்கள் இரண்டு மாதம் இடித்து இறுக்கிய இடது மண் ஓரத்தில்தான் வண்டி போனது. சக்கரம் சத்தமே போடவில்லை. நான் சக்கரத்தை ஒட்டி நடந்தேன். ராக்கம்மாவுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. ஒரு தடவை, "கூடை?" என்றாள். அழகு, "மேஸ்திரி எடுத்து வச்சிருக்காரு, நீ பேசாத" என்றாள். ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மஸ்தான் பாய் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கேட் திறந்தபோது, "இனி அவசரமில்ல பாய்" என்றாள் அழகு.

அழகும் நானும் வளைவுக்குத் திரும்பினோம். சவரிமுத்து சார் அன்று மத்தியானமே வந்துவிட்டார். வழக்கம்போல் ஒரு மைல் முன்னால் இறங்கி நடந்து வந்தார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார், டிரைவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஐந்து பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சார் நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். தார் விளிம்பிலிருந்து அம்பாரத்தின் அடி வரை பிடிக்கச் சொன்னார்.

"எவ்வளவு மிஸ்டர்?"

"ஏழு அங்குலம் சார்."

"அந்தப் பக்கம்? அம்பாரத்துக்கும் பள்ளத்துக்கும்?"

"இல்ல சார். பள்ளத்து விளிம்புலயே இருக்கு."

எழுதிக்கொண்டார். குடை நுனியால் தரையைத் தட்டவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, "வழக்கமா நீங்க இடது பக்கமாத்தானம்மா போவீங்க? இந்தப் பக்கம் நடக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. அழகு தலையைக் குனிந்தபடி, "யாரும் சொல்லல சாமி. நாங்களாத்தான் வந்தோம்" என்றாள்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, அதிகாரிகள் விவகாரத்தில் வாயைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அதை எழுதப் போனார். நான் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். டிரைவர் உள்ளே போயிருப்பார். சும்மா இருக்கலாம் என்று நான் நினைத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒரு நிமிடம் நினைத்தேன். நாடா என் கையிலேயே இருந்தது.

"நான் சொன்னேன் சார்" என்றேன்.

சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வாயால சொன்னது போதாது மிஸ்டர். ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுங்க."

எழுதினேன். யோசனை வந்த நாளிலிருந்து மேஸ்திரி கேட்ட வியாழக்கிழமை வரை, ஒன்று விடாமல். சார் இரண்டு தடவை படித்தார். வியாழக்கிழமை வந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் தள்ளி வைக்கல?"

"நீங்க அளக்கல சார்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஜல்லிய எப்ப வேணும்னாலும் அளக்கலாம்யா" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு அவரே பேனாவை எடுத்து, அறிக்கையில் என் பெயருக்குக் கீழே, பிரிவு அதிகாரி என்ற முறையில் வளைவில் ஜல்லி வைத்ததைத் தானும் கவனிக்கத் தவறியதாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் வேண்டாம் என்றேன். "போங்க மிஸ்டர்" என்றார்.

டிரைவரை விட்டுவிட்டார்கள். என்னைக் கன்னிவாடிப் பக்கம் மாற்றினார்கள். போவதற்கு முன் ராக்கம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மண்வெட்டியால் மடையை மாற்றினார், அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். அழகுதான் வரப்பு வரை வந்தாள்.

"எல்லாரும் பழையபடி இடது பக்கம் போறாகளா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆமா, அங்குட்டுத்தான் போறோம்."

"நான் சொன்னது தப்பாப் போச்சு."

"தப்புன்னு யாரு சொன்னா?" என்றாள். "அவ முன்னாடி போனா. ஜல்லியச் சுத்தித் தாருல ஏறினா. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் வந்துச்சு. பாத்துட்டா. 'நில்லுங்கடி'ன்னா. நாங்க அஞ்சு பேரும் ஜல்லிக்கு இந்தப் பக்கமே நின்னுட்டோம். நீ சொன்னபடி அவ பாத்ததாலதான் நான் உங்கிட்ட நின்னு பேசுறேன். ஆனா அவளுக்கு ஒதுங்க எடமில்ல அப்பு. ஒரு பக்கம் பஸ்ஸு, ஒரு பக்கம் ஜல்லி. கண்ணால பாத்துக்கிட்டே நின்னா. முதுகுல வந்திருந்தா தெரியாமயாவது போயிருப்பா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் எல்லை வரை நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மைல்கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டோம், பாலம் கட்டினோம், பெரிய சாலைகள் போட்டோம். நான் இருந்த எந்தப் பிரிவிலும் ஜல்லியை மண் ஓரத்தில் கொட்ட விட்டதில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆட்கள் இரண்டு மடங்கு நடக்க வேண்டும், முணுமுணுப்பார்கள். வளைவில் அங்கேயும் விட மாட்டேன். எந்தப் பக்கமாக நடங்கள் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லக் கூப்பிடுவார்கள். வேறு ஆளை அனுப்பிவிடுவேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து ஜெயந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு வரைபடத்தை விரித்தார். அந்த வளைவில் மரங்கள் போய்விடும். இடம் நெருக்கடி. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு பக்கம் மட்டும் உயர்த்திக் கட்டிய பாதை போடலாம், இரண்டு பக்கமும் முடியாது.

"எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்க சார். அப்படியே போட்டுடறேன்" என்றார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா?"

"ஒரு தடவை தெரியும்னு நெனச்சேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசினோம். இப்போது தலைச்சுமை குறைந்துவிட்டது. ஆனாலும் பஸ் நிறுத்தம் வரை பூவும் காயும் தலையில்தான் வருகிறது. பால்காரர்கள் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டி வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களில் யார் எங்கே தாரைக் கடக்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது.

வருகிற வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் அந்த வளைவுக்குப் போகிறோம். ஒரு கூடை, ஒரு சும்மாடு, இருபது கிலோ தக்காளி நான் கொண்டுபோகிறேன். ஒரு சைக்கிளும் இரண்டு பால் கேனும் ஜெயந்தி கொண்டுவருகிறார். இடது ஓரமாக ஒரு தடவை, வலது ஓரமாக ஒரு தடவை, போகும்போதும் வரும்போதும். முதலில் கூடையை நான் சுமக்கிறேன், பிறகு அவர். இந்த வயதில் கழுத்துப் பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று என் மனைவி கேட்கிறாள். அதற்குள் அந்த வழியில் வருகிறவர்களை நிறுத்தி, நீங்கள் எப்படிப் போகிறீர்கள், எங்கே பயமாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்பதாக இருக்கிறோம். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் வரைபடத்தில் கோடு.